கதவில் நாலு டிகிரி

எனக்குக் குளிர்ந்த தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. பல் கூசும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் நீங்கள் கொண்டுவந்து வைத்த பாட்டிலை நான் தொடாமல் இருப்பதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. கொஞ்சம் குளிர் விடட்டும், குடிக்கிறேன்.

வாக்குமூலத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் ரெனாந்தே மக்சினோ. பிறந்தது நவோத்தாஸில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் ஒன்றில். இப்போது ஃபிரிட்ஜ் கம்பெனியில் வாடிக்கையாளர் பிரிவுக்குத் தலைவன். வாங்கினவர்கள் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பல வருடங்களாக இதே வேலையைத்தான் கம்பெனி மாற்றி கம்பெனி செய்திருக்கிறேன். செல்போனில் செய்தேன், துணி துவைக்கிற மெஷினில் செய்தேன், கடவுச்சொல் கேட்கிற சோற்றுக் குக்கர் ஒன்று வந்ததே, அதிலும் செய்தேன்.

புத்திசாலி இயந்திரம் என்று சொல்லி விற்கிற எதையும் நான் ஒரு நாளும் நம்பியதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பெனியில் மற்றவர்கள் நம்பினார்கள், அல்லது நம்புவதாக நடித்து நடித்துக் கடைசியில் நம்பிவிட்டார்கள். நான் அந்த ரகம் இல்லை. என் வீட்டில் இருப்பது அம்மா காலத்து ஃபிரிட்ஜ். கதவு சரியாக மூடாது, ரப்பர் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறேன். அதற்கு யோசிக்கத் தெரியாது, குளிரவைக்க மட்டும் தெரியும்.

எங்கள் ஃபிரிட்ஜின் அறிமுக விழா மகாத்தியில் பெரிய ஹோட்டலில் நடந்தது. மேடையில் புகை போட்டார்கள். புகைக்குள்ளிருந்து முதலாளி மிகோ சார் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தார். முப்பது வயது தாண்டாத பையன், வெளிநாட்டில் படித்தவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பெட்டியின் கதவைத் தொட்டு, "இது வெறும் ஃபிரிட்ஜ் இல்ல. இது உங்களைப் பத்தி யோசிக்கிற ஃபிரிட்ஜ்" என்றார். முதலீட்டாளர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கதவைத் திறந்து ஆளுக்கொரு பழச்சாறு பாட்டில் எடுத்துக் கொடுத்தார். ஜில்லென்று இருந்தது. அந்த பாட்டில்களை ஹோட்டல் சமையற்கட்டின் பழைய ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து, விழாவுக்குக் கொஞ்சம் முன்னால் மேடைக்குக் கொண்டுபோனது நான்தான். எங்கள் பெட்டி இன்னும் குளிரத் தொடங்கியிருக்கவில்லை.

யோசிக்கிறது என்று சொன்னார்களே, அது என்ன யோசித்தது தெரியுமா? வீட்டில் கதவை எந்தெந்த நேரத்தில் திறக்கிறார்கள் என்று கவனித்து ஞாபகம் வைத்துக்கொண்டது. அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பூனையும் அதைச் செய்யும்.

பெட்டிக்குக் காசு வேண்டாம் என்று அறிவித்தார்கள். அடையாள அட்டையைக் காட்டி வீட்டுக்கு எடுத்துப் போகலாம், ஆயுள் முழுக்கக் குளிர் இலவசம் என்று விளம்பரம். இன்னும் கூடுதல் வசதி வேண்டுமென்றால் போனுக்கு ரீசார்ஜ் செய்வதுபோல ‘ஃபிரெஷ்’ என்று ஒரு திட்டம், அன்றன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஷாம்பூவையும் காப்பித்தூளையும் ஒற்றைப் பாக்கெட்டாக வாங்கியே பழகின ஜனம் எங்கள் ஜனம். குளிரையும் பாக்கெட்டில் வாங்கும் என்று மிகோ சார் கணக்குப் போட்டார். தானமாக வந்த மாட்டை யாராவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? ஊரே எடுத்துக்கொண்டு போனது.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு நானும் ஒன்று எடுத்துக்கொண்டு போனேன், ஜோவி வீட்டுக்கு.

ஜோவி என் ஞானமகள். ஞானஸ்நானத்தில் அவள் தலைக்கு அருகே மெழுகுவர்த்தி பிடித்தவன் நான். அவள் அம்மா மெர்லி எங்கள் சந்துக்காரி, துறைமுகச் சந்தையில் மீன் விற்கிறாள். அப்பா மீன்பிடிக் கப்பலில், வந்தால் வந்தார், போனால் போனார். வீட்டில் இரண்டே பேர். ஞானத்தகப்பனை எங்கள் ஊரில் நினோங் என்போம். கிறிஸ்துமஸ் வந்தால் பரிசு கேட்டு வரும் ஞானப்பிள்ளைகளுக்குப் பயந்து நினோங்குகள் ஒளிந்துகொள்வார்கள் என்பது ஊரறிந்த கேலி. நானும் பல வருடம் ஒளிந்திருக்கிறேன்.

அன்றைக்கு முச்சக்கர வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய் இறங்கியதும் ஜோவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்ன நினோங், வழி தவறி வந்துட்டீங்களா? இந்த வருஷம் எந்தக் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கீங்கன்னு அம்மாகிட்ட கேட்டுட்டிருந்தேன்."

"ஒளியறதுக்குத்தான் பெட்டி கொண்டாந்திருக்கேன். கதவைத் தொற, உள்ள போயிடறேன்."

மெர்லி அழுதுவிட்டாள். அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. ஜோவிக்கு ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சுகாதார நிலையத்தில் மூன்று மாதத்துக்குச் சேர்த்து மருந்து தருவார்கள். அதைக் குளிரில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் தண்ணீர். மெர்லி அதை மீன் அடுக்குகிற தெர்மாகோல் பெட்டியில் வைத்திருந்தாள். துறைமுகத்திலிருந்து காலையும் மாலையும் ஐஸ் உடைத்துக் கொண்டுவந்து மாற்றுவாள். மழை, வெள்ளம், காய்ச்சல் எதுவானாலும் ஐஸ் மாற்றுவது நின்றதில்லை. அந்தப் பெட்டிக்கு மூளை இல்லை, ஆனால் பிள்ளையை ஆறு வருடம் காப்பாற்றிக் கொடுத்தது.

எத்தனை டிகிரி வேண்டும் என்று ஃபிரிட்ஜின் கதவு கேட்டது. ஜோவிதான் தன் விரலால் நாலு என்று தொட்டாள். கதவில் நீல வெளிச்சத்தில் நாலு வந்து நின்றது. மருந்துக் குப்பிகளை ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் போட்டு நடுத்தட்டில் வைத்தார்கள். மீன்பெட்டியில் மண்ணை நிரப்பி வெங்காயத்தாள் நட்டாள் மெர்லி.

"பாரே, இனிமே ஐஸுக்கு ஓட வேண்டாம்ல?" என்று கேட்டாள். பிள்ளையைப் பெற்றவரும் நினோங்கும் ஒருவரையொருவர் பாரே, மாரே என்றுதான் அழைத்துக்கொள்வோம், சம்பந்தி மாதிரி.

"வேண்டாம் மாரே. இனிமே தூங்கு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஜனவரியில் அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஃபிரெஷ் திட்டத்தை யாரும் வாங்கவில்லை. இலவசக் குளிரே நன்றாக இருக்கும்போது எவன் காசு கொடுப்பான்? முதலீட்டாளர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள் என்று மிகோ சார் சொன்னார். விழாவில் கை தட்டின அதே கைகள் இப்போது மேசையைத் தட்டிக்கொண்டிருந்தன. "காசு கட்டாதவங்களுக்குக் குளிரை வெட்டிடுங்க" என்றார்.

நான்தான் தடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் தடுத்தேன். வெட்டினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நம் வாசலில் போடுவார்கள், பேப்பர்காரன் படம் எடுப்பான் என்றேன். பிறகு என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

அம்மா சந்தில் பெட்டிக்கடை வைத்திருந்தார். எண்ணெய், காடி, சோயா எல்லாம் சில்லறையில், ஒரு தகரக் குவளையில் அளந்து ஊற்றுவார். மொத்த வியாபாரி விலையை ஏற்றினால் மற்ற கடைக்காரர்கள் அட்டையில் புது விலை எழுதித் தொங்கவிட்டு ஆட்களை இழப்பார்கள். அம்மா விலையைத் தொடமாட்டார். குவளையைப் பிடிக்கிற கையின் கட்டைவிரலைக் கொஞ்சம் உள்ளே இறக்கிக்கொள்வார், அவ்வளவுதான். விலை ஏற ஏற விரல் இறங்கும். சந்துக்கே அது தெரியும். ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் அம்மாவுக்கு வெட்கம், கேட்டவருக்கும் வெட்கம். எங்கள் ஊரில் பசியைத் தாங்குவார்கள், எதிரில் இருப்பவர் முகம் வாடுவதைத் தாங்கமாட்டார்கள்.

"வெட்டாதீங்க சார். விரலை வைங்க" என்றேன்.

மிகோ சாருக்கு முதலில் புரியவில்லை. விளக்கினேன். பெட்டிக்குத்தான் கதவு திறக்கும் நேரம் தெரியுமே. ஆட்கள் வீட்டில் இருக்கிற நேரத்தில் நன்றாகக் குளிரட்டும். வேலைக்கும் பள்ளிக்கும் போயிருக்கிற நேரத்தில் கம்ப்ரசர் ஓய்வெடுக்கட்டும். அவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எழுந்துகொள்ளட்டும். வந்து கதவைத் திறந்தால் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், யாருக்கும் மனக்குறை இல்லை. ஆனால் பால் ஒரு நாள் முன்னதாகத் திரியும், மீன் கொஞ்சம் முன்னதாக நாறும். மீன்காரியைத் திட்டிப் பார்ப்பார்கள், பால்காரனைத் திட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் ஃபிரெஷ் திட்டத்தை வாங்குவார்கள். மின்சாரமும் மிச்சம், அதைச் சுற்றுச்சூழல் அக்கறை என்று விளம்பரமே போடலாம். ஆடுகிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும்.

அதற்கு ‘சியெஸ்தா’ என்று பெயர் வைத்ததும் நான்தான். மத்தியானத் தூக்கம். எங்கள் ஊரில் அதைக் குற்றம் என்று எவனும் சொல்லமாட்டான். மிகோ சார் சிரித்துவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் சிரிக்காத ஒரே ஆள் பெர்பெதுவா, பெட்டியை வடிவமைத்த பொறியாளர்களில் ஒருத்தி. உங்களிடம் புகார் கொடுத்தது அவள்தான் என்று தெரியும். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை.

"அப்ப கதவுல இருக்கிற நம்பர்? மத்தியானம் உள்ள முப்பது இருக்கும்போது கதவு என்ன காட்டும்?" என்று கேட்டாள்.

"அவங்க கேட்ட நம்பரைக் காட்டும்" என்றேன்.

"உள்ள இருக்கிற நம்பர் இல்லியா?"

"அவங்க நாலு வேணும்னு கேட்டாங்க. கேட்டதைக் காட்டுறோம். இதுல பொய் எங்க இருக்கு?"

அவள் என்னையே பார்த்தாள். "மருந்து வைக்கிறவங்க இருப்பாங்களே அண்ணே."

"ஒப்பந்தத்துல மருந்து வைக்கக் கூடாதுன்னு ஒரு வரி சேர்த்துடலாம்" என்றேன். சேர்த்தோம். போனில் விரலால் தள்ளிக்கொண்டே போனால் வெகு கீழே அந்த வரி வரும். சட்டப்படி அது போதும் என்று எங்கள் வக்கீல் சொன்னார்.

எங்கே முதலில் செய்துபார்ப்பது என்று பேச்சு வந்தபோது நவோத்தாஸைச் சொன்னதும் நான்தான். அந்த ஜனத்தை எனக்குத் தெரியும். அவர்கள் புகார் சொல்லமாட்டார்கள். கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் சொந்தக்காரர் வீடுகளுக்கு விலக்கு உண்டு, திரையில் வீட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டால் போதும். மற்றவர்கள் போட்டுக்கொண்டார்கள். நான் ஜோவி வீட்டுக்குப் போடவில்லை. யோசனை சொன்னவனே தன் ஞானமகள் வீட்டை விலக்கிக்கொண்டால் அந்த யோசனையை யார் மதிப்பார்கள்? அப்போது அது நேர்மை என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

மார்ச் மாதம் சியெஸ்தா தொடங்கியது. இந்த வருடம் வெயில் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். மெர்லி வீட்டுக்குத் தகரக் கூரை. அவள் விடியுமுன் துறைமுகம் போய்விடுவாள். ஜோவி பள்ளிக்கூடம் போய்விட்டு அப்படியே அம்மாவின் கடைக்குப் போய் உதவி செய்துவிட்டு, இருவரும் சேர்ந்து மாலையில் திரும்புவார்கள். இதைப் பெட்டி நன்றாகக் கற்றுக்கொண்டது. எங்கள் விளம்பரத்தில் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை, அது உண்மையிலேயே கற்றுக்கொண்டது.

பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் போயிருந்தேன். மெர்லி சேப்பங்கிழங்கும் ஜவ்வரிசியும் போட்டுத் தேங்காய்ப்பாலில் பாயசம் காய்ச்சியிருந்தாள். ஜோவி ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். போட்டிருந்த சட்டை தோளில் தொங்கியது.

"பிள்ள இளைச்சுட்டாளே மாரே."

"இளைக்காம என்ன செய்வா? வாயைக் கட்டினாத்தானே. சுகாதார நிலையத்துல நர்ஸு என்னை நிக்க வெச்சுத் திட்டுறா, சர்க்கரை ஏறிக் கெடக்காம். பள்ளிக்கூட வாசல்ல என்னத்தையோ வாங்கி ஒளிச்சுத் திங்கிறா பாரே. கேட்டா சத்தியம் பண்றா, அதுவும் பெரிய வெள்ளியும் அதுவுமா."

"நான் திங்கலம்மா."

"வாயை மூடு. ஊசி தவறாம போடுறோம். மருந்து நாலு டிகிரில பத்திரமா இருக்கு. பெறகு எப்படிடி ஏறும்? மருந்து பொய் சொல்லுமா, நீ பொய் சொல்லுவியா?"

ஜோவி என்னைப் பார்த்தாள். "நினோங், நீங்களாச்சும் சொல்லுங்க. நான் ஒண்ணுமே திங்கல. தண்ணிதான் குடிக்கிறேன். குடிக்கக் குடிக்கத் தாகமாவே இருக்கு."

நான் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். வாழைப்பூ, எலுமிச்சை, ஐஸ்கிரீம் டப்பா. எல்லாம் ஜில்லென்று இருந்தன. சாயங்காலம் அல்லவா. கொல்லைப்பக்கம் போய் நின்று என் போனில் அந்த வீட்டின் கணக்கைத் திறந்து, முந்தின வாரத்து வேலைநாள் மத்தியானங்களைப் பார்த்தேன். எல்லா மத்தியானமும் முப்பதுக்கு மேல். சில நாள் முப்பத்து நாலு. பக்கத்தில் குறி போடுகிற கட்டம் காலியாக இருந்தது. தொட்டால் போதும்.

ஏன் தொடவில்லை என்று கேட்கிறீர்கள். மே மாதக் கடைசியில் நான் முதலீட்டாளர்கள் முன்னால் பேச வேண்டியிருந்தது. நவோத்தாஸில் ஒரு புகார்கூட இல்லை என்பதுதான் என் பேச்சின் உயிர். நடுவில் ஒரு வீட்டை மட்டும் விலக்கினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது, அதைச் சொன்னால் எல்லாம் நின்றுபோகும். என் பிரிவில் நாற்பது குடும்பங்களுக்குச் சோறு போடுகிற வேலை. அது போக, விடுமுறை நாள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வேறு வேலை வந்துவிட்டது.

உள்ளே வந்து ஜோவியின் தலையில் கை வைத்தேன். "அம்மா சொல்றதைக் கேளு கண்ணு. வாயைக் கொஞ்சம் கட்டு" என்றேன்.

அதற்கப்புறம் அவள் யாரிடமும் சத்தியம் செய்யவில்லை. எழுந்துபோய் மீன்பெட்டியில் இருந்த வெங்காயத்தாளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அந்தப் பிள்ளை நெருப்பில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பாயசத்தைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே மாத நடுவில் மெர்லி போன் செய்தாள். "பாரே, ஜோவி மூச்சு வாங்குறா. கூப்பிட்டா கண்ணைத் தொறக்க மாட்டேங்குறா." ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது பிள்ளைக்குக் குழாய் மாட்டியிருந்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், களைத்துப்போயிருந்தார். மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டார். மெர்லி தன் போனை நீட்டினாள். ஃபிரிட்ஜ் கதவைப் படம் எடுத்து வைத்திருந்தாள், நர்ஸ் கேட்டால் காட்டுவதற்காக. நீல வெளிச்சத்தில் நாலு. டாக்டர் பார்த்துத் தலையை ஆட்டினார். "அப்ப மருந்துல குறை இல்ல. சாப்பாட்டுலதான்" என்றார். பிறகு, வேறு ஏதாவது தெரியுமா என்பதுபோல என்னைப் பார்த்தார். ஞானத்தகப்பன் என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலையில் ஜோவி போய்விட்டாள்.

எங்கள் வழக்கப்படி உடலை வீட்டிலேயே ஒரு வாரம் வைத்திருந்தோம். சந்தே வந்து போனது. வந்தவர்களுக்கெல்லாம் சோடாவும் தண்ணீரும் அந்த ஃபிரிட்ஜிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார்கள். கதவு ஓயாமல் திறந்துகொண்டே இருந்ததால், வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கிறார்கள் என்று அது புரிந்துகொண்டு பகல் முழுக்க ஓடியது. அந்த ஒரு வாரம் உள்ளே உண்மையாகவே நாலு டிகிரி இருந்தது. நினோங் கொடுத்தது, எவ்வளவு நன்றாகக் குளிர்கிறது என்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடமே சொன்னார்கள். பிள்ளை வாயைக் கட்டியிருக்கலாம் என்றும் சொன்னார்கள், மெல்லிய குரலில்தான். மெர்லி சவப்பெட்டியின் கண்ணாடிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, "ஏண்டி ஒளிச்சுத் தின்ன, எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல, கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா" என்று ஒரு வாரமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து முதலீட்டாளர்கள் முன்னால் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். நவோத்தாஸிலிருந்து ஒரு புகாரும் இல்லை என்று சொன்னபோது கை தட்டினார்கள்.

என் போன் இப்போது உங்களிடம் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் கடைசியில் ஜோவி எனக்கு அனுப்பிய செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். நான் மறைக்கவில்லை, அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன். சத்தமாகப் படிக்கச் சொன்னால் படிக்கிறேன்.

"நினோங், இன்னிக்கு வெயில்னு மத்தியானமே ஸ்கூல் விட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் தொறந்தா உள்ள ஆவி அடிக்குது. டப்பாவைத் தொட்டா சுடுது. ஆனா கதவுல நாலுன்னுதான் இருக்கு. கெட்டுப்போச்சா? அம்மாகிட்ட சொல்லல. நீங்க ஆசையா குடுத்தது, அம்மா ஏதாச்சும் சொன்னா உங்களுக்குச் சங்கடமாயிடும். மறுபடியும் ஐஸ்பெட்டியில வெச்சிடவா?"

என் பதில் அதற்குக் கீழே இருக்கிறது. "கெடலை கண்ணு. மத்தியானம் அது கொஞ்சம் தூங்கும், அவ்வளவுதான். மருந்தை அங்கேயே வை. நினோங் சொல்றேன்ல."

அவள் ஒரு இதயப் படம் போட்டு அனுப்பினாள். மருந்தை அங்கேயே வைத்தாள்.

என் முகம் வாடக் கூடாது என்று அந்தப் பிள்ளை நினைத்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதைப் புகார் என்று நீங்கள் எழுதிக்கொள்வது சரியில்லை. அது கம்பெனிக்கு வந்த புகார் அல்ல, என் சொந்த எண்ணுக்கு வந்த ஒரு கேள்வி. கேள்விக்குப் பதில் சொன்னேன். நான் சொன்னது எதுவும் பொய்யும் அல்ல. அது தூங்கத்தானே செய்தது. கொன்றது யார் என்று நீங்கள் கேட்டால், நான்தான் அம்மா. தெரிந்தே கொன்றேன். அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன், தகராறு செய்யமாட்டேன். எனக்கும் அலுத்துவிட்டது.

ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு மெர்லியை இங்கே கூப்பிட்டிருப்பதாகச் சொன்னீர்கள். சந்தையில் கடை போட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் முடிந்துவிடுமா என்று கேட்டிருப்பாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. தயவுசெய்து சொல்லாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை, அவளுக்காகத்தான் கேட்கிறேன். பிள்ளை ஒளித்துத் தின்றுதான் செத்தாள் என்று நினைக்கிறவரை அவளுக்கு அழுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிள்ளை ஒன்றும் தின்னவில்லை, உண்மையைத்தான் சொன்னாள், சொல்லச் சொல்ல நீ நம்பவில்லை என்று அவளிடம் போய்ச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? ஒரு தாயை இப்படி வதைப்பது நியாயமில்லை. நான் யாரையும் வதைத்ததில்லை.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்கு விலக்குக் குறி போட்டுவிட்டேன். மிச்சமிருக்கும் மருந்துக் குப்பிகளை அவள் இன்னும் ஐஸ்கிரீம் டப்பாவில்தான் வைத்திருக்கிறாள், எறிய மனமில்லை. இப்போது அவை பகலிலும் நன்றாகக் குளிர்ந்திருக்கின்றன. வீட்டுக்குப் போனதும் அவள் கதவைப் பார்ப்பாள். அதில் நாலு என்றே இருக்கட்டும்.